ஆர்கானிக் மாப்பிள்ளையும் அவரைக்காயும்

திருந்திய மனிதனைப் போல ஆபத்தான பிராணி உலகத்தில் வேறு கிடையாது. போன வாரம் நடைப்பயிற்சி ஆரம்பித்தவன் இந்த வாரம் நம் தொப்பையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவான். நேற்று சர்க்கரையை நிறுத்தியவன் இன்று நம் காப்பி டம்ளருக்குள் எட்டிப் பார்ப்பான். நான் திருந்தியது காய்கறி விஷயத்தில். அதுவும் கல்யாணமான புதிதில், மாமனார் வீட்டில் நல்ல பேர் எடுக்க வேண்டிய நேரம் பார்த்துத் திருந்தித் தொலைத்தேன்.

அப்போது நாங்கள் வடவள்ளியில் குடியிருந்தோம். வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ஓர் இயற்கை அங்காடி திறந்தார்கள். உள்ளே போனால் மரப்பெட்டிகளில் காய்கள், மூலையில் மண்பானைத் தண்ணீர், எங்கிருந்தோ மெல்லிய புல்லாங்குழல். வாசலில் ஒரு கரும்பலகை வைத்து, 'இந்த வாரம் விளைந்தவை' என்று எழுதியிருப்பார்கள். அதில் இல்லாததைக் கேட்கக்கூடாது. கார்த்திகை மாதத்தில் ஒருவர் மாம்பழம் கேட்டுவிட்டார். கடை நடத்துகிற அக்கா அவரைப் பார்த்த பார்வையில் அந்த மனிதர் வெறும் வெல்லம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

முதல் நாள் அந்தக் கடையில் நின்றபடியே ஒரு நாட்டுத் தக்காளியைக் கடித்தேன். சாறு முழங்கை வரை ஓடியது. இனிப்பும் புளிப்பும் சேர்ந்து காதோரத்தில் போய்ச் சுரீர் என்றது. இத்தனை வருஷமாகத் தக்காளி என்ற பெயரில் நான் தின்றுகொண்டிருந்தது என்ன என்று யோசித்தேன். அங்கேயே இன்னொன்றும் தின்றேன். அன்றைக்குச் சட்டையில் பட்ட கறை போகவில்லை. மூளையில் பட்டதும் போகவில்லை.

அதற்குப் பிறகு சனிக்கிழமை காலை என்றால் கடை திறப்பதற்கு முன்பே போய் ஷட்டர் முன்னால் நிற்பேன். பம்ப்செட் கம்பெனியில் டிசைன் வேலை பார்ப்பவன், மோட்டார் படத்தை மூடி வைத்துவிட்டு, பக்கத்து சீட்காரரிடம் பிஞ்சு வெண்டைக்காயின் நுனியை உடைத்துக் காட்டுவேன். ('டப்புன்னு சத்தம் கேட்டுச்சுங்களா? அதுதான் உயிர்.' அவர் பிறகு சீட்டை மாற்றிக்கொண்டார்.) வீட்டில் என் மனைவி சுகந்தி கத்தரிக்காயை நறுக்கியபடி, "ஏனுங்க, உள்ள புழு இருக்குதுங்க" என்பாள். "புழுவே நம்பித் திங்குது, நமக்கென்ன பயம்?" என்பேன். அவள் புழுவையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பாள்.

இப்போது மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்குத் தாராபுரம் பக்கத்தில் தோட்டம். தென்னை, மக்காச்சோளம், கட்டுத்தறையில் எருமைகள். எங்கள் குடும்பமோ எப்போதோ காடு கழனியை விற்றுவிட்டு மில் வேலைக்குக் கோயமுத்தூர் வந்த குடும்பம். நானறிந்த மண் மொட்டை மாடிப் பூந்தொட்டியில் இருப்பதுதான். மகள் பிடிவாதம் பிடித்ததால் மாமனார் கல்யாணத்துக்குச் சம்மதித்தார். ஆனால் கல்யாண மண்டபத்தில் யாரிடமோ அவர் சொன்னது என் காதில் விழுந்துவிட்டது.

"பையன் தங்கமான பையனுங்க. ஆனா கைய மோந்து பாத்தா மண்ணு வாசமே இல்லீங்க."

அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசியதெல்லாம் மூன்றே வாக்கியங்கள். "வாங்க மாப்ளெ." "சாப்டீங்களா மாப்ளெ?" "அம்மணிகிட்டக் குடுங்க மாப்ளெ." (இது போனில். அம்மணி என்றால் மகள்.) மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. கொங்கு நாட்டில் வெட்ட வருகிறவன்கூட 'சித்தெ தலையக் குனியுங்க' என்றுதான் கேட்பான். ஆனால் அந்த மரியாதைக்குப் பின்னால் ஒரு கதவு சாத்தியிருந்தது. அதைத் திறந்து, அந்த மனிதர் என்னோடு உட்கார்ந்து ஒரு அரைமணி நேரம் பழமை, அதாவது ஊர்க்கதை, பேச வேண்டும் என்று எனக்கு அப்படி ஓர் ஆசை. கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் பொங்கலுக்கு ஊருக்கு அழைத்தபோது, இதுதான் சமயம் என்று முடிவு செய்தேன்.

"மாமாவுக்கு நான் காய் வாங்கிட்டுப் போகப்போறேன்" என்றேன்.

"எங்கப்பனுக்கா? தோட்டங்காட்டுக்கா?" என்றாள் சுகந்தி. "கொல்லன் தெருவுல போயி ஊசி விக்கப் போறீங்களாக்கும்."

"உங்கப்பா தென்னையும் சோளமுந்தான போட்டிருக்காரு? காய் சந்தையில தான வாங்கறாரு? அதெல்லாம் என்ன மருந்து அடிச்சதோ என்னமோ. பாவம், நல்ல காயையே அவர் பாத்திருக்க மாட்டார்."

விவசாயி நல்ல காய் பார்த்ததில்லை என்று சொன்னவன் நான்தான். எழுதும்போது இப்போதும் காது சுடுகிறது.

பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை கடையில் அவரைக்காய் வந்து இறங்கியிருந்தது. கொடியவரை. ஓரத்தில் ஊதாக் கோடு ஓடிய பட்டைக் காய், கையில் எடுத்தால் இன்னும் பனி ஈரம். கூடவே கத்தரிக்காயும் தக்காளியும். எல்லாம் ஒரே தோட்டத்துச் சரக்கு. அதைப் போட்டுத் தந்த துணிப்பையில் பச்சைக்கிளி ஒன்று அச்சடித்து, கீழே 'பச்சைக்கிளித் தோட்டம்' என்றும், அதற்கும் கீழே ஒரு க்யூஆர் கோடு போட்டு 'விளைவித்தவரோடு பேசுங்கள்' என்றும் இருந்தது.

"எந்த ஊர்த் தோட்டமுங்க அக்கா?"

"படிச்ச தம்பி ஒருத்தர் வேன்ல கொண்டாந்து போடறாருங்க. அமராவதித் தண்ணியில வெளஞ்சதுன்னு சொன்னாரு."

அமராவதி எத்தனையோ ஊரை நனைத்துக்கொண்டு போகிற ஆறு. நான் மேற்கொண்டு கேட்கவில்லை. மூன்று பை நிறைய அள்ளிக்கொண்டேன்.

காரில் காய்கள் வாடக்கூடாது என்று ஏசியை முழுசாகத் திருப்பி வைத்தேன். சூலூர் தாண்டுவதற்குள் சுகந்தி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பல்லடத்தில் ஒரு ஸ்வெட்டர் வாங்கித் தரச் சொன்னாள். அதற்குப் பிறகு, தாராபுரம் சாலையில்தான் அந்த எச்சரிக்கையைச் செய்தாள்.

"அங்க போயி என்ன வேணா பேசுங்க. பக்கத்துத் தோட்டத்தப் பத்தி மட்டும் பேச்செடுத்துப் போடாதீங்க."

பக்கத்துத் தோட்டம் சென்னியப்பன் பெரியப்பாவுடையது. அவரும் மாமனாரும் அண்ணன் தம்பி மக்கள், பங்காளிகள். ஒரே பாட்டனுடைய பூமியை நடுவில் கிளுவை வேலி போட்டுப் பிரித்துக்கொண்டவர்கள். பிரித்ததில் ஒரு சண்டையும் இல்லை. சண்டை வந்தது ஒரு பட்டு வேட்டியால். சுகந்தியின் காதுகுத்துக்கு மாமனார் ஜரிகை வேட்டி எடுத்து, முதல் நாள் வெயிலில் காயப்போட்டிருந்தார். சென்னியப்பனின் வெள்ளாடு வேலியைத் தாண்டி வந்து ஜரிகை மட்டும் பார்த்துத் தின்றுவிட்டது. மாமனார் மிச்ச வேட்டியைத் தூக்கிக்கொண்டு நியாயம் கேட்கப் போனார்.

"வாயில்லாத சீவனுங்க, அதுக்குப் பட்டு எது, நூல் எதுன்னு தெரியுமுங்களா?" என்றார் சென்னியப்பன். அதோடு விட்டிருக்கலாம். லேசாகச் சிரித்துவிட்டார்.

அன்றோடு பேச்சு நின்றது. அந்த வீட்டுப் பச்சைத் தண்ணீர்கூட இனிப் பல்லில் படக்கூடாது என்று மாமனார் சாமி முன்னால் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார். அந்தப் பக்கமும் அதே சத்தியம் நடந்ததாகக் கேள்வி. அன்றிலிருந்து இரண்டு தோட்டத்துக்கும் இடையில் போய்வருவது காக்காயும் அந்த ஆட்டின் சந்ததியும் மட்டும்தான்.

"சரி, நான் எதுக்கு அதப் பத்திப் பேசப்போறேன்?" என்றேன். (நான் பேசவில்லை. கடைசிவரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அதை மட்டும் யாரும் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்.)

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் மாமனார் வழக்கம் போல "வாங்க மாப்ளெ" என்றார். நான் பைகளை இறக்கினேன். அவர் எட்டிப் பார்த்தார். அவரைக்காயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாம் பேசாமல் இருந்திருக்க வேண்டிய இடம் அது. நான் பேசினேன்.

"மாமா, மண்ணுங்கறது வெறும் மண்ணு இல்லீங்க" என்று ஆரம்பித்தேன். மண்புழு என்றால் என்ன, அது எப்படி நெளிகிறது என்பதையெல்லாம், கட்டுத்தறையில் சாணம் அள்ளிவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்த மனிதருக்கு, விரலை நெளித்துக் காட்டி விளக்கினேன். பருவத்தில் விளைவதைப் பருவத்தில் சாப்பிட வேண்டும் என்றேன். எருவின் மகிமையைச் சொன்னேன். என் பின்னால் ஓர் எருமை நின்று கேட்டுக்கொண்டிருந்தது. மாமனார் துண்டால் கையைத் துடைத்தபடி, "ஓ, அப்படீங்களா" என்றார். மாமியார் அடுக்களைக்குள் போய்விட்டார். அவர் தோள் குலுங்கியதை நான் தும்மல் என்று நினைத்தேன்.

மத்தியானம் இலை போட்டார்கள். அவரைக்காய்க்குத் தேங்காய் துருவிப் போட்டுப் பொரியல், கத்தரிக்காய்க் குழம்பு, தக்காளி ரசம். மாமனார் முதல் வாய் வைத்தார். மெல்லுவதை நிறுத்தினார். பிறகு மெதுவாக மறுபடி மென்றார்.

"அம்மணி, இன்னுங் கொஞ்சம் பொரியல் வைய்யி."

வைத்தாள். அதுவும் தீர்ந்தது. மறுபடியும் கேட்டார். சோற்றை ஒதுக்கிவிட்டுப் பொரியலை மட்டும் தின்றார். பிறகு தலையை நிமிர்த்தி, நேராக என்னைப் பார்த்து, அந்தப் பழைய மூன்று வாக்கியங்களில் சேராத ஒரு வாக்கியத்தைச் சொன்னார்.

"மாப்ளெ, இந்த ருசியில நான் அவரைக்காய் தின்னு எத்தனையோ காலமாச்சுங்க. எங்க பாட்டன் இருக்கறப்பத் தின்னது. அந்த வெதையே போயிப்போச்சுன்னு நெனச்சேன்."

கதவு திறந்துவிட்டது. சாப்பிட்ட பிறகு என்னைத் தன் பக்கத்திலேயே கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்துக்கொண்டார். பாட்டன் காளை வாங்கின கதை, கிணறு வெட்டின கதை, ஆற்றில் வெள்ளம் வந்த கதை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. என் தோளில் ஒரு தட்டுக்கூடத் தட்டினார். அந்தத் தோளை நான் அன்று முழுக்க அசைக்கவில்லை. வாசலில் நின்ற சுகந்தியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன். கொல்லன் தெருவில் ஊசி விற்றுவிட்டேன் என்று அதற்கு அர்த்தம்.

"இத வெளைய வெச்ச மவராசனுக்கு ஒரு வார்த்தை சொல்லோணுமுங்க மாப்ளெ" என்றார் மாமனார்.

அத்துடன் விட்டிருந்தால் நான் இன்றும் ஒரு கௌரவமான மருமகன். ஆனால் சந்தோஷம் தலைக்கேறியவனுக்கு எதிரி வெளியில் வேண்டாம். "இப்பவே சொல்லலாமுங்க மாமா" என்று பையை எடுத்து வந்து, அந்தக் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து, ஸ்பீக்கரில் போட்டு, போனை அவர் கையிலேயே கொடுத்தேன்.

மணி அடித்தது. அதே நேரம் வேலிக்கு அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு முருகன் பாட்டுக் கேட்டது. "பக்கத்துல கோயிலுங்களா மாமா?" என்று கேட்டேன். அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு நின்றது.

"அலோ, ஆருங்க பேசறது?"

"ஏனுங்க, பச்சைக்கிளித் தோட்டமுங்களா?"

"ஆமாங்க. சொல்லுங்க."

"உங்க அவரைக்காய் தின்னமுங்க இன்னைக்கு. இத்தன வருசமா நான் தின்னதெல்லாம் அவரைக்காயே இல்லீங்க. வெளைய வெச்ச கைக்கு மோதிரம் போடோணுமுங்க."

"அட, பெரிய வார்த்தை சொல்லிப்போட்டீங்க. உங்களாட்ட ருசி தெரிஞ்ச நாலு பேரு இருக்கறதுனாலதானுங்க நாங்க பொழைக்கறோம்."

குரல் தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். பிறகு நானும் கேட்டேன். இத்தனை வருஷமாக இருவரும் மற்றவருடைய குரலை ஆட்டையும் மாட்டையும் அதட்டும் குரலாக மட்டும்தான் கேட்டிருக்கிறார்கள். அந்தத் தொண்டையில் 'ங்க' போட்டுப் பேசுகிற ஒரு குரலும் இருக்கிறது என்பது இருவருக்குமே மறந்துபோயிருந்தது.

எனக்கு வேறொரு கவலை. எதிர்முனைக்காரர் பேசுவது ஒவ்வொன்றும் இரண்டு தடவை கேட்டது. முதலில் காற்றில், பிறகு போனில். நான் டெக்னிக்கல் ஆள் அல்லவா, உடனே கண்டுபிடித்தேன்.

"எக்கோ அடிக்குதுங்க மாமா. இங்க டவர் சரியில்ல. சித்தெ வேலிப் பக்கம் வாங்க."

"எனக்குமே ரெண்டு ரெண்டாக் கேக்குதுங்க" என்றது போன். "இருங்க, நானும் வேலியோரமாப் போறேன்."

நான் முன்னால் நடந்து வழிகாட்ட, மாமனார் போனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். எக்கோ குறையவில்லை. போகப் போக நன்றாகவே கேட்டது.

"வெதை எங்கீங்க வாங்குனீங்க?" என்றார் மாமனார்.

"வாங்குலீங்க. எங்க பாட்டன் சேத்தி வெச்சிருந்ததுங்க. பானையில சாம்பலுக்குள்ள கெடந்துது."

"அட, எங்க பாட்டனும் அப்படித்தானுங்க, சாம்பல்லதான் வெப்பாரு."

"அப்படீங்களா. உங்க பாட்டன் எந்த ஊருங்க?"

ஊர்ப் பேரைச் சொல்ல மாமனார் வாயைத் திறந்தார். கிளுவை வேலியில் ஓர் இடைவெளி இருந்தது. அதற்கு அந்தப் பக்கம், தலையில் துண்டோடு, காதில் போனை வைத்துக்கொண்டு ஒருவர் நின்றார். அவரும் இதே ஊர்ப் பேரைக் கேட்கத்தான் காத்திருந்தார்.

சென்னியப்பனுக்குப் பின்னால் ஒரு வெள்ளாடு கத்தியது. அது போனிலும் ஒருமுறை கத்தியது.

சென்னியப்பன் வேலியைத் தாண்டி ஒரு வார்த்தை பேசவில்லை. சத்தியம் சத்தியம்தான். மாமனாரை நேராகப் பார்த்தபடி, போனுக்குள் மட்டும் கேட்டார்:

"மோதிரம் எப்பங்க போடறீங்க?"

மாமனார் சூடு பட்டவர் போலப் போனை என் கையில் திணித்துவிட்டு விறுவிறுவென்று நடந்தார். நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குப் போய், கட்டிய வேட்டியோடு, தலைக்கு மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டார். அதைப் பார்த்த மாமியார் ஓடி வந்து, "ஐயோ, ஆருங்க போயிட்டா?" என்றார்.

"ஆரும் போகலீங்கம்மா" என்றாள் சுகந்தி. "அவரைக்காய் பெரியப்பன் ஊட்டுதாமா."

மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவரும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டிருந்தார்.

என் கையில் போன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. "மாப்ளெங்களா? தக்காளியும் நம்முளதுதானுங்க. கத்தரிக்காயும் நம்முளதுதானுங்க. பையன் படிச்சுப்போட்டு வந்து கிளிப் படமெல்லாம் போட்டிருக்கறான். எல்லாத்தையும் நல்லாச் சாப்புடச் சொல்லுங்க." நான் துண்டித்தேன். உடனே திரையில் ஒரு கேள்வி வந்தது: 'இந்த உரையாடலுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?'

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பால் எடுக்க வந்தவர், "என்னுங்க, மோதிரம் ஆசாரிகிட்டச் சொல்லியாச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுப் பால் எடுக்காமலே ஓடினார். மாமனார் ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தயிர்ச் சோறும் ஊறுகாயும் போதும் என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. 'வாங்க மாப்ளெ'கூடக் கிடையாது. இருந்த மூன்று வாக்கியங்களையும் நான் தொலைத்துவிட்டேன்.

"ஒரு பொட்டலம் மிச்சர் வாங்கியாந்திருந்தா முடிஞ்சு போயிருக்குமுங்க" என்றாள் சுகந்தி. அவள் குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் பயமாக இருந்தது. எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. ஓர் அரைமணி நேரம் அந்த மனிதர் என்னிடம் சிரித்துப் பேசினார். அப்படிப் பேசக்கூடியவர் என்று தெரியாமலே இருந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

பொங்கலுக்குக்கூட நிற்காமல் மறுநாள் காலையிலேயே கிளம்பிவிடலாம் என்று முடிவு செய்தோம். பையைக் காரில் வைத்துக்கொண்டிருக்கும்போது மாமியார் என்னிடம் வந்து மெல்லிய குரலில், "மிச்சம் பொரியல் மூடி வெச்சிருந்தேனுங்க. காத்தால பாத்தாச் சட்டி காலி" என்றார். பூனையாக இருக்கும் என்றேன். "பூனை சட்டியக் கழுவிக் கவுத்து வெக்குமுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

கார் கதவைத் திறந்தபோது மாமனார் கட்டுத்தறையிலிருந்து வந்தார். பக்கத்தில் வந்து நின்றார். என்னைப் பார்க்காமல் டயரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"மாப்ளெ, ஒரு நாயம் கேக்கறேன். சந்தையில காய் வாங்கறப்ப, இது ஆரு காட்டுதுன்னு நாம கேக்கறமுங்களா?"

"இல்லீங்க மாமா."

"காசு குடுத்துத்தான வாங்குனீங்க? சும்மா வாங்கிப்போடலியே?"

"காசு குடுத்துத்தானுங்க வாங்கினேன்." (கொஞ்சம் அதிகமாகவே கொடுத்திருந்தேன்.)

"அப்பக் கடைக்கு வந்து சேந்தா அது கடைக்காரம்மா காய். அங்க இருந்து நீங்க வாங்குனா மாப்ளெ காய். நாயந்தானுங்களே?"

"நியாயமுங்க மாமா." சுப்ரீம் கோர்ட்டே சொன்னாலும் நான் இவ்வளவு வேகமாக ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

அவர் டயரை ஒரு தட்டுத் தட்டினார். "அடுத்த வாட்டி வர்றப்ப அவரைக்காய் மட்டும் சித்தெ சேத்தி வாங்கியாங்க."

அன்று ஆரம்பித்தது, இன்றுவரை ஓய்ந்தபாடில்லை. அவரைக்காய்க் காலம் வந்தால் சென்னியப்பன் தோட்டத்தில் விடிகாலையில் காய் பறிக்கிறார்கள். அது வேனில் ஏறி, பல்லடம், சூலூர் தாண்டிக் கோயமுத்தூர் போகிறது. கடையில் இறங்கி, கரும்பலகையில் பேர் ஏறி, புல்லாங்குழல் கேட்டு, என் பையில் விழுகிறது. பிறகு அதே சூலூர், அதே பல்லடம் வழியாகத் திரும்பி வந்து, கிளம்பின இடத்துக்கு ஒரு வேலி இந்தப் பக்கம் கொதிக்கிறது. என் மாமனார் மாப்பிள்ளை காய் என்று அதைப் புகழ்ந்து சாப்பிடுகிறார். சாப்பிட்டபின் என்னைக் கட்டிலில் உட்கார வைத்துப் பேசுகிறார். பாட்டன் கதைகள் எல்லாம் தீர்ந்து, இப்போது சொந்தக் கதைகளுக்கு வந்திருக்கிறோம்.

அந்தப் பக்கத்துக்கும் விஷயம் தெரியாமல் இல்லை. கடைக்கார அக்கா ஒருநாள் தனியாக ஒரு பையை எடுத்துக் கொடுத்தார். "தோட்டத்துக்காரரு பொறுக்கி எடுத்த பிஞ்சா அனுப்பியிருக்காருங்க. 'கண்ணாடி போட்ட மாப்ளெ வந்தா இதக் குடுங்க, வேற ஆருக்கும் வேண்டாம்'னு சொல்லி உட்டிருக்காரு" என்றார். அதை மாமனாரிடம் நான் சொல்லவில்லை. அடுத்த மாதம் மாமனார், தன் தென்னந்தோப்புத் தேங்காயை அந்தக் கடைக்குப் போட ஏற்பாடு செய்யச் சொன்னார். அந்தத் தேங்காயை வாங்கிக்கொண்டு போகிற முதல் ஆள் பச்சைக்கிளி வேன் ஓட்டுகிற தம்பிதான் என்று அக்கா சொன்னார். ஊரில் எனக்கு 'ஆர்கானிக் மாப்ளெ' என்று பேர் நிலைத்துவிட்டது. என் சொந்தப் பேர் கல்யாணப் பத்திரிகையோடு முடிந்துபோயிற்று.

போன மார்கழியில் எனக்குக் காய்ச்சல் வந்து இரண்டு வாரம் ஊருக்குப் போக முடியவில்லை. மாமனார் போன் செய்தார். இப்போதெல்லாம் அவர் என் நம்பருக்குத்தான் செய்கிறார், சுகந்திக்கு அதில் வருத்தம்கூட உண்டு.

"காச்சல் எப்படீங்க மாப்ளெ? கஞ்சி குடிச்சீங்களா?" என்று விசாரித்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "அவரைக்காய் முத்திப்போகுமாட்ட இருக்குதுங்க. எப்ப வாரீங்க?"

"முத்திப்போகுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியுமுங்க மாமா?"

"இந்த வருசம் அவுங்க வேலி மேலயே கொடி ஏத்தி உட்டிருக்கறாங்க. பாதிக் கொடி இந்தப் பக்கந்தான் உழுந்து கெடக்குது. கொத்துக் கொத்தாத் தொங்குதுங்க. கட்டில்ல படுத்தா மூஞ்சில இடிக்குது."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். "அப்பக் கைய நீட்டிப் பறிச்சுக்கறதுதானுங்களே மாமா? நான் எதுக்கு?"

என் மீது அவர் வைத்திருந்த நம்பிக்கையெல்லாம் ஆட்டம் கண்டதுபோல, வருத்தத்தோடு சொன்னார்:

"அதெப்படீங்க மாப்ளெ பறிக்கறது? அது அடுத்தவங்க காயிங்க. நம்ம காய் கோயமுத்தூர் போயிட்டுத்தான வரோணும்."